வளரும் நாடுகளின் இண்டெக்ஸ் ஃபண்ட்: செலவு குறைவு, வருமானம் எங்கே?

கேள்வி: 8 ஜனவரி 2024, டல்லாஸிலிருந்து ஒரு வாசகர்

அக்கா, 2010 கடைசியில் கையில் இருந்த பத்தாயிரம் டாலரை வான்கார்டின் எமர்ஜிங் மார்க்கெட் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டேன். இனிமேல் சீனா, இந்தியா, பிரேசில்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். இத்தனை வருடம் தொடாமல் வைத்திருந்தும் பெயருக்குத்தான் ஏறியிருக்கிறது. அதே சமயத்தில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500-ல் போட்ட என் அறைத்தோழன் அந்தப் பணத்தை வைத்தே வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டான். ஃபண்டை நடத்த ஆண்டுதோறும் பிடிக்கும் செலவு விகிதம் 0.08 சதவீதம்தான், அதில் குறை சொல்ல முடியாது. சென்செக்ஸ் 72,000-ல் நிற்கிறது. என் ஃபண்ட் மட்டும் ஏன் படுத்துக் கிடக்கிறது? விற்றுவிடலாமா?

8 ஜனவரி 2024, இரவு

விற்பதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம். எம்எஸ்சிஐ என்ற நிறுவனம் வளரும் நாடுகளின் பங்குகளைப் பட்டியலிட்டுக் கணக்கிடும் எமர்ஜிங் மார்க்கெட்ஸ் குறியீட்டை எடுத்துக்கொள்கிறேன். இப்படி ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைப்பதுதான் இண்டெக்ஸ் ஃபண்ட். டாலரில், டிவிடெண்டையும் சேர்த்து 2011-ல் 18.4 சதவீதம் இறக்கம். 2012-ல் 18.2 ஏற்றம். அடுத்த மூன்று ஆண்டும் இறக்கம்: 2.6, 2.2, 14.9. 2016-ல் 11.2, 2017-ல் 37.3 ஏற்றம். 2018-ல் மறுபடி 14.6 இறக்கம். 2019, 2020 இரண்டிலும் 18 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். 2021-ல் 2.5, 2022-ல் 20.1 இறக்கம். போன ஆண்டு 9.8 ஏற்றம்.

இவற்றைப் பெருக்கினால் 2010 முடிவில் இருந்த 10,000 டாலர் 2023 முடிவில் ஏறத்தாழ 12,200 ஆகிறது. எஸ் அண்ட் பி 500-ல் அதே பணம் ஏறத்தாழ 48,800. உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது.

இப்போது அதற்கு முந்தைய பத்தாண்டைப் பாருங்கள். 2000 முடிவில் 10,000 டாலர் போட்டவருக்கு, 2010 முடிவில் வளரும் சந்தைகள் 43,000-க்கு மேல் கொடுத்தன. எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 11,500 கொடுத்தது. இடையில் 2008-ல் 53.3 சதவீத வீழ்ச்சியையும் தாங்கித்தான் அந்த 43,000 வந்தது. 2010-ல் உங்களிடம் "இனி சீனாதான்" என்று சொன்னவர்கள் எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது இதில் தெரிகிறது. அவர்கள் கண்ணில் பட்டது முடிந்துபோன பத்தாண்டு. இன்று எஸ் அண்ட் பி மட்டும் போதும் என்று உங்களிடம் சொல்கிறவர்களும் முடிந்துபோன ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். ஒரே ஆள், ஒரே கணக்கு, தேதி மட்டும் வேறு.

9 ஜனவரி 2024

செலவைப் பற்றி. "அதில் குறை சொல்ல முடியாது" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியில் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்த வகை ஃபண்டில் நான் முதலில் பட்ட அடியே செலவால்தான்.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஓர் ஆலோசகர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு ஃபண்டை விற்றார். வளரும் நாடுகளில் நல்ல பங்குகளைத் தேடிப்பிடிக்கும் மேலாளர் என்றார். போடும்போதே 5.75 சதவீதம் கழித்துக்கொண்டார்கள். அதற்குமேல் ஆண்டுக்கு 1.5 சதவீதம். நான் கொடுத்த காசோலைக்கும் முதல் அறிக்கையில் இருந்த தொகைக்கும் இடையே இருந்த வித்தியாசத்தைப் பார்த்து, சந்தை விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். சந்தை விழவில்லை. அது அவருடைய கமிஷன்.

சந்தை ஆண்டுக்கு 6 சதவீதம் தருவதாக வைத்துக்கொண்டு, இருபது ஆண்டுக்கு 10,000 டாலரைப் போட்டுப் பாருங்கள். 0.07 சதவீதச் செலவுள்ள ஃபண்டில் அது ஏறத்தாழ 31,650 ஆகும். 0.70 சதவீதச் செலவில் 28,090. எனக்கு விற்கப்பட்டது போன்ற ஃபண்டில் 22,730. சந்தை மூன்று பேருக்கும் கொடுத்தது ஒன்றேதான். ஏறத்தாழ 9,000 டாலர் இடையில் யாரோ ஒருவருடைய சம்பளமாகப் போயிருக்கிறது.

0.70 என்பது நான் கற்பனையாக எடுத்த எண் அல்ல. ஐஷேர்ஸ் நிறுவனம் 2003-ல் தொடங்கிய பழைய எமர்ஜிங் மார்க்கெட் இடிஎஃப்பின் (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) செலவு இன்றும் அந்த அளவில்தான் இருக்கிறது. அதே நிறுவனம் 2012-ல் இன்னும் அதிகப் பங்குகளைக் கொண்ட 'கோர்' என்ற இடிஎஃப்பைக் கொண்டுவந்தது. அதன் செலவு இப்போது 0.10-ஐ ஒட்டியிருக்கிறது. பழையது மூடப்படவில்லை. நாள்தோறும் பெரிய அளவில் வாங்கி விற்கும் நிறுவனங்கள் அதைத்தான் விரும்புகின்றன. நம்மைப் போல வாங்கி வைப்பவர்களுக்கு அங்கே வேலை இல்லை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இன்றும் பலர் தெரியாமல் பழையதில் பணம் வைத்திருக்கிறார்கள். வைத்திருப்பவர்கள் இன்றே பாருங்கள்.

12 ஜனவரி 2024

சென்செக்ஸ் கேள்வி.

இதே கேள்வியை என் அப்பாவும் கேட்டார். கும்பகோணத்தில் இருக்கிறார், ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்புறம் அன்றைய சென்செக்ஸை எழுதிவைப்பது அவர் வழக்கம். டிசம்பரில் 70,000-ஐத் தாண்டியதும் தொலைபேசியில் அழைத்து, "உன் ஃபண்டில் இந்தியா இருக்கிறது என்றாயே, அது எந்த இந்தியா?" என்றார்.

நல்ல கேள்வி. 2007 அக்டோபர் இறுதியில் சென்செக்ஸ் 20,000-ஐத் தொட்டது. அப்போது ஒரு டாலர் 39 ரூபாய்ச் சில்லறை. இன்று சென்செக்ஸ் 72,000, டாலர் 83 ரூபாய். ரூபாயில் பார்த்தால் மூன்றரை மடங்குக்கு மேல். டாலராக மாற்றிப் பார்த்தால் அன்று ஏறத்தாழ 507, இன்று 867. ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை. டிவிடெண்ட் தனி. பதினாறு ஆண்டு ஓடியதற்கு இது பெரிய தொகை இல்லை.

அப்பாவின் இந்தியாவும் என் இந்தியாவும் ஒன்றுதான். அவர் ரூபாயில் சம்பாதித்து ரூபாயில் செலவழிக்கிறார். நான் டாலரில் எண்ணுகிறேன். 2011-க்குப் பிறகு டாலர் வலுத்த காலம் முழுவதும் பிரேசிலின் ரியால், துருக்கியின் லிரா, தென்னாப்பிரிக்காவின் ராண்ட் எல்லாம் சரிந்தன. உள்ளூர்க்காரர் ஏற்றம் பார்த்த இடங்களில் நமக்கு ஏற்றம் கரைந்துபோனது. ஃபண்ட் மேலாளர் செய்த தவறு என்று இதில் எதுவும் இல்லை.

இன்னொன்று. உங்கள் ஃபண்டில் இந்தியா கால் பங்குகூட இல்லை. சீனாவும் தைவானும் சேர்ந்துதான் பெரும் பங்கு.

27 ஜனவரி 2024

சீனாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். மூன்று நான்கு பேர் ஒரே மாதிரிக் கேட்டுவிட்டீர்கள்: "பொருளாதாரம் இவ்வளவு வளர்ந்த நாட்டில் பங்கு போட்டவனுக்கு மட்டும் ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை?"

எம்எஸ்சிஐ சீனா குறியீடு 1992 இறுதியில் 100 என்று தொடங்கியது. இந்த மாதம் டாலரில் அது 50-க்கும் 60-க்கும் இடையில் நிற்கிறது. இதில் டிவிடெண்ட் சேராது, அதைச் சேர்த்தால் படம் கொஞ்சம் மேம்படும். ஆனாலும் உலக வரலாற்றிலேயே மிக வேகமாக ஒரு நாடு வறுமையிலிருந்து எழுந்த அந்த முப்பது ஆண்டுகளில், அதன் பங்குக் குறியீடு தொடங்கிய இடத்தைவிடக் கீழே இருக்கிறது.

காரணம் பலவற்றில் ஒன்றைத்தான் நான் முதலில் வைப்பேன்: புதுப் பங்குகள். 2006-ல் ஐசிபிசி வங்கி, 2010-ல் சீன விவசாய வங்கி இரண்டும் வெளியிடப்பட்ட வேளையில் உலகின் மிகப் பெரிய பங்கு வெளியீடுகள். அரசு வங்கிகள், எண்ணெய் நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், பிறகு இணைய நிறுவனங்கள் என்று வரிசையாகச் சந்தைக்கு வந்தன. பந்தியில் சோறு பெருகியது உண்மை. இலைகளும் பெருகிவிட்டன. நாட்டின் மொத்த லாபம் கூடினாலும் ஒரு பங்குக்கு வரும் லாபம் கூடவில்லை. சந்தை மதிப்பைப் பின்பற்றும் குறியீடு, புதிதாக வந்த ஒவ்வொரு பெரிய நிறுவனத்தையும் அன்றைய விலைக்கு வாங்கியே ஆக வேண்டும். மக்கள் உற்சாகமாக இருக்கும்போதுதானே நிறுவனங்கள் பங்கு வெளியிடுகின்றன? ஆக, விலை உச்சத்தில் இருக்கும்போது வாங்குவது இந்தக் குறியீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

2020-ல் எம்எஸ்சிஐ குறியீட்டில் சீனாவின் எடை 40 சதவீதத்தைத் தாண்டியது. அந்த நவம்பரில் ஆன்ட் என்ற நிதித் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு வெளியீட்டை அரசு கடைசி நேரத்தில் நிறுத்தியது. அடுத்த ஜூலையில் தனிப்பயிற்சி நிறுவனங்கள் லாபம் ஈட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. எடை மிகவும் கூடியிருந்த வேளையில் அடியும் வந்தது.

பொருளாதார வளர்ச்சிக்கும் பங்கு வருமானத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே ரிட்டர் பல நாடுகளின் நீண்ட காலத் தரவை வைத்துக் காட்டியிருக்கிறார். வளர்ச்சியின் பலன் தொழிலாளிக்கும் நுகர்வோருக்கும் போகலாம். சீனத் தொழிலாளிக்குப் போனது. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பணத்தைப் போடும்போது "வளரும் நாடு, ஆகவே என் பணமும் வளரும்" என்று நினைத்தால் அந்த "ஆகவே" நிற்காது.

28 ஜனவரி 2024

நேற்றையதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் இந்த ஃபண்டே வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. உச்சத்தில் வாங்கும் அதே குறியீடு, எல்லோரும் வெறுத்து ஒதுக்கும்போதும் கையில் இருக்கும். 2008-ல் 53.3 சதவீதம் விழுந்த பிறகு 2009-ல் 78.5 சதவீதம் ஏறியது. இரண்டையும் சேர்த்தாலும் தொடக்கத்தைவிட 17 சதவீதம் கீழேதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 100-ல் 53 போனால் மீதி 47. அது 78 சதவீதம் ஏறினால் 84-க்கு அருகில்தான் வரும். ஆனால் அந்த இரண்டு ஆண்டும் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கதை வேறு. நான் அப்படித்தான் போட்டேன். 2009 மார்ச்சில் வாங்கியவை என் கணக்கில் இன்றும் இருக்கின்றன.

18 பிப்ரவரி 2024

ஃபண்டின் ஆண்டறிக்கையை முழுதாகத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. பல நூறு பக்கம் ஓடும். பங்குகளின் பட்டியல் நாடு வாரியாக இருக்கும். ரஷ்யா என்ற தலைப்புக்குப் போங்கள். காஸ்ப்ரோம், லுக்காயில், ஸ்பெர்பேங்க் என்று பெயர்கள் ஒழுங்காக இருக்கின்றன. பக்கத்தில் எத்தனை பங்குகள் என்ற எண்ணும் இருக்கிறது, லட்சக்கணக்கில். அதற்கு அடுத்த நிரல் மதிப்பு. அங்கே ஒரு சிறு கோடு மட்டும்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. மார்ச் இரண்டாம் வாரத்துக்குள் எம்எஸ்சிஐயும், அதைப்போலவே குறியீடு போடும் எஃப்டிஎஸ்இ நிறுவனமும் ரஷ்யப் பங்குகளைப் பூச்சிய விலையில் குறியீட்டிலிருந்து நீக்கிவிட்டன. ஃபண்டால் விற்க முடியவில்லை, இன்றும் முடியாது. நிறுவனங்கள் இருக்கின்றன, எண்ணெய் ஓடுகிறது, பங்கும் நம் பெயரில் இருக்கிறது, மதிப்பு மட்டும் இல்லை. ஆண்டின் தொடக்கத்தில் குறியீட்டில் ரஷ்யா 3 சதவீதத்துக்குச் சற்று மேல். 0.08 சதவீதச் செலவை வைத்துக் கணக்குப் போட்டால், ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் கட்டணம் ஒரே வாரத்தில் போயிற்று.

இது முதல் முறையும் அல்ல. 1998 செப்டம்பரில் மலேசியா ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்து, வெளிநாட்டுப் பணம் வெளியேறுவதைத் தடுத்தது. அப்போதும் எம்எஸ்சிஐ அந்த நாட்டைக் குறியீட்டிலிருந்து எடுத்தது. 2000-ல் திரும்பச் சேர்த்தது. மலேசியாவில் மாட்டிய பணம் திரும்பி வந்தது. ரஷ்யாவில் மாட்டியது வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. வரும் என்று வைத்து நான் எந்தக் கணக்கும் போடுவதில்லை.

24 ஜூலை 2024

நேற்று இந்திய பட்ஜெட். நீண்டகால மூலதன ஆதாய வரி 10 சதவீதத்திலிருந்து 12.5 ஆகவும், குறுகியகால வரி 15-லிருந்து 20 ஆகவும் உயர்ந்துவிட்டது. அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். ஜனவரி 9 அன்று செலவு விகிதத்தைப் பற்றி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வெளிநாட்டு ஃபண்டுகள் தங்களிடமுள்ள இந்தியப் பங்கை லாபத்தில் விற்றால் இந்தியாவுக்கு வரி கட்ட வேண்டும். விற்காத பங்கில் ஏறியிருக்கும் லாபத்துக்கும் பின்னால் வரப்போகும் வரியை இப்போதே கடனாகக் கணக்கில் காட்ட வேண்டும். ஆண்டறிக்கையில் சொத்து, பொறுப்பு கணக்கின் கீழே 'ஒத்திவைக்கப்பட்ட வெளிநாட்டு மூலதன ஆதாய வரி' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அது நம் பணம். குறியீட்டை எடுத்துக்கொண்டால், டிவிடெண்டில் பிடிக்கும் வரியைக் கழித்த குறியீடு உண்டு, மூலதன ஆதாய வரியைக் கழித்த குறியீடு பொதுவாகக் கிடையாது. ஆகவே இந்தியா நன்றாக ஏறிய ஆண்டில், ஃபண்ட் எவ்வளவு திறமையாக நடத்தப்பட்டாலும் குறியீட்டைவிடப் பின்தங்கும். அந்தப் பின்னடைவு செலவு விகிதத்தில் எங்கும் தெரியாது.

இதோடு வாங்கும்போதும் விற்கும்போதும் ஆகும் செலவு இருக்கிறது. இந்தியாவில் பங்குப் பரிவர்த்தனை வரி 2004 முதல் இருக்கிறது. தைவானில் விற்கும்போது 0.3 சதவீதம். சீனாவில் முத்திரைக் கட்டணம், போன ஆகஸ்ட்டில்தான் பாதியாகக் குறைத்தார்கள். இதே ஃபண்டில் முன்பு உள்ளே வரவும் வெளியே போகவும் தனிக் கட்டணம் இருந்தது, பழையவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கட்டணம் நிறுவனத்துக்குப் போகவில்லை, ஃபண்டுக்குள்ளேயே விழுந்தது. புதிதாக வருகிறவருக்காகப் பங்கு வாங்கும் செலவை ஏற்கெனவே இருப்பவர் ஏன் சுமக்க வேண்டும் என்ற நியாயம்தான். நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. எடுத்துவிட்டார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சிறு வரவும் உண்டு. ஃபண்ட் தன் பங்குகளைக் குறுகிய காலத்துக்குக் கடன் கொடுத்து வருமானம் பெறுகிறது. அதில் செலவு போக மீதியை முழுவதும் ஃபண்டுக்கே கொடுக்கும் நிறுவனமும் உண்டு, ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் நிறுவனமும் உண்டு. எனவே இரண்டு ஃபண்டை ஒப்பிடும்போது செலவு விகிதத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு வருமானத்தை அந்தந்த ஃபண்ட் பின்பற்றும் குறியீட்டின் வருமானத்தோடு வைத்துக் கழித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை.

26 ஜூலை 2024

வரி பற்றி இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி, எந்தக் கணக்கில் வைப்பது? சாதாரணக் கணக்கில் வைத்தால், வெளிநாடுகள் டிவிடெண்டில் பிடித்த வரிக்கு அமெரிக்க வரியில் கழிவு கேட்கலாம். தனியாள் 300 டாலர், தம்பதி 600 டாலர் வரை 1116 படிவம் இல்லாமலே கேட்கலாம். ஐஆர்ஏ, 401கே போன்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளில் வைத்தால் அந்தக் கழிவு கிடையாது. தைவான் பிடித்த 21 சதவீதம் போனது போனதுதான். மறுபக்கம், தைவானோடும் பிரேசிலோடும் அமெரிக்காவுக்கு வருமான வரி ஒப்பந்தம் இல்லை. அதனால் அங்கிருந்து வரும் டிவிடெண்டின் பெரும்பகுதிக்குச் சாதாரணக் கணக்கில் குறைந்த வரி விகிதம் பொருந்தாது. இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. என்னுடையது சாதாரணக் கணக்கில் இருக்கிறது. உயர்ந்த வரி வரம்பில் இருப்பவர் வேறு முடிவு எடுக்கலாம்.

இரண்டாவது, "ஊரிலேயே நிஃப்டி ஃபண்டில் போட்டால் என்ன?" அமெரிக்க வரி கட்டுகிறவர் யாரும் இதைச் செய்யும் முன் 8621 படிவத்தின் விளக்கக் குறிப்பை ஒருமுறை படியுங்கள். இந்திய மியூச்சுவல் ஃபண்ட் அமெரிக்கச் சட்டத்தில் வேறு வகை நிறுவனமாகக் கருதப்படுகிறது. அதற்குரிய வரியும் வட்டியும் கடுமை. ஊரில் வங்கி ஊழியர் அன்பாகப் பேசி, அத்தையும் மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். இந்தியா மட்டும் வேண்டுமென்றால் அமெரிக்காவில் பதிவான இடிஎஃப் இருக்கிறது, பெரியதன் செலவு 0.6 சதவீதத்துக்கு மேல்.

2 அக்டோபர் 2024

சீன மைய வங்கி போன வாரம் அறிவிப்புகளை வெளியிட்டது. செப்டம்பர் 30 அன்று சிஎஸ்ஐ 300 குறியீடு ஒரே நாளில் 8.5 சதவீதம் ஏறியது, 2008-க்குப் பிறகு இவ்வளவு இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் "சீனா இல்லாத எமர்ஜிங் மார்க்கெட் ஃபண்டுக்கு மாறிவிட்டேன்" என்று எனக்கு எழுதிய அன்பருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. மாறுவது பாவம் அல்ல. மாறினால் அதிலேயே பல ஆண்டுகள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

6 ஜனவரி 2025

2024 கணக்கு: எம்எஸ்சிஐ எமர்ஜிங் மார்க்கெட்ஸ் 7.5 சதவீதம். எஸ் அண்ட் பி 500 மறுபடியும் 25. டல்லாஸ் தம்பி, உங்கள் பொறுமை இன்னும் இருக்கிறதா?

ஆனால் வான்கார்ட் ஃபண்ட் 10 சதவீதத்துக்கு மேல் கொடுத்திருக்கிறது. 7.5 எங்கே, 10 எங்கே? கொரியா.

2012 அக்டோபரில் வான்கார்ட் தன் பல ஃபண்டுகளுக்கு எம்எஸ்சிஐ குறியீட்டை விட்டு வேறு குறியீடுகளுக்கு மாறப்போவதாக அறிவித்தது. குறியீட்டு நிறுவனத்துக்குக் கட்டும் உரிமக் கட்டணத்தைக் குறைப்பதுதான் நோக்கம். இந்த ஃபண்ட் 2013-ல் எஃப்டிஎஸ்இ குறியீட்டுக்குப் போனது. எஃப்டிஎஸ்இ தென் கொரியாவை 2009-லேயே வளர்ந்த நாடு என்று உயர்த்திவிட்டது. எம்எஸ்சிஐக்கு அது இன்றும் வளரும் நாடுதான், சம்சங் இருந்தாலும் சரி. அந்த நாட்டு நாணயத்தை வெளிநாட்டில் தாராளமாக மாற்ற முடிவதில்லை என்பது எம்எஸ்சிஐயின் நீண்டகாலக் குறை. ஆகவே வான்கார்ட் அந்த ஃபண்டிலிருந்த கொரியப் பங்குகளையெல்லாம் பல மாதங்களில் படிப்படியாக விற்றது.

2024-ல் கொரியச் சந்தை விழுந்தது. டிசம்பர் 3 இரவு இராணுவச் சட்டம் அறிவித்து, சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் அதை நிராகரித்த குழப்பத்தில் கொரிய நாணயமான வொன்னும் சரிந்தது. கொரியா இல்லாத ஃபண்ட் தப்பித்தது. இதை வைத்து எஃப்டிஎஸ்இ சிறந்தது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

4 பிப்ரவரி 2025

வான்கார்ட் செலவு விகிதத்தை 0.08-லிருந்து 0.07 ஆக்கியிருக்கிறது. பத்தாயிரம் டாலருக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் மிச்சம். வாழ்த்துகள் எல்லோருக்கும். நல்ல செய்திதான், ஆனால் இதற்காக யாரும் ஃபண்ட் மாற வேண்டியதில்லை.

11 அக்டோபர் 2025

வியட்நாமை 2026 செப்டம்பரில் வளரும் சந்தை வரிசைக்கு உயர்த்தப்போவதாக எஃப்டிஎஸ்இ இந்த வாரம் அறிவித்திருக்கிறது, இடையில் மார்ச்சில் ஒரு மறுஆய்வு வைத்து. எடை மிகச் சிறியதாகத்தான் இருக்கும். இருந்தும் எனக்கு மகிழ்ச்சி. நாடுகள் உள்ளே வருவதும் வெளியே போவதும் இந்த ஃபண்டின் இயல்பு. 2010-ல் இஸ்ரேல் எம்எஸ்சிஐயின் வளர்ந்த நாடுகள் வரிசைக்கு ஏறியது. 2013-ல் கிரீஸ் அங்கிருந்து இறங்கி வந்தது. 2017-ல் பாகிஸ்தான் உள்ளே வந்து 2021-ல் வெளியே போயிற்று. 2019-ல் சவூதி அரேபியா நுழைந்தது. 1988-ல் பத்து நாடுகளோடு தொடங்கிய எம்எஸ்சிஐ குறியீட்டில் இன்று 24. நாம் வாங்கி வைத்திருப்பது ஒரு குழு எழுதும் பட்டியலை, அந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும்.

10 ஜனவரி 2026

வந்துவிட்டது. 2025-ல் எம்எஸ்சிஐ எமர்ஜிங் மார்க்கெட்ஸ் 30 சதவீதத்துக்கு மேல். எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 18. டாலர் பலவீனமானதும் உதவியது. 2024 ஜனவரியில் எழுதிய நாணயக் கணக்கு இந்த முறை நம் பக்கம் சாய்ந்திருக்கிறது.

வான்கார்ட் ஃபண்ட் மட்டும் பல சதவீதம் பின்தங்கிவிட்டது. காரணம் மறுபடியும் கொரியாதான். கோஸ்பி குறியீடு 2025-ல் 70 சதவீதத்துக்கு மேல் ஏறியது, நினைவகச் சிப் செய்யும் இரண்டு நிறுவனங்களின் புண்ணியத்தில். 2024-ல் காப்பாற்றிய அதே வரையறை 2025-ல் காலை வாரிவிட்டது. செலவில் 0.02 சதவீதத்துக்குச் சண்டை போடுகிறோம். கொரியா எந்தப் பட்டியலில் இருக்கிறது என்ற ஒரே முடிவு ஒரே ஆண்டில் அதைப்போலப் பல நூறு மடங்கு வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கிறது.

11 ஜனவரி 2026

டல்லாஸ் தம்பி விற்கவில்லையாம். நல்லது. இப்போது அவர் கேட்பது: எம்எஸ்சிஐ ஃபண்டுக்கு மாறலாமா?

கொரியா ஏறிவிட்டது என்பதற்காக என்றால் வேண்டாம். ஆனால் அவர் தன் மொத்தப் பட்டியலையும் அனுப்பியிருந்தார், அதில் வேறொன்று கண்ணில் பட்டது. வளர்ந்த நாடுகளுக்கு அவர் 401கே கணக்கில் எம்எஸ்சிஐ ஈஃபே குறியீட்டு ஃபண்டை வைத்திருக்கிறார். எம்எஸ்சிஐ கணக்கில் கொரியா வளரும் நாடு, ஆகவே அதில் கொரியா இல்லை. வளரும் நாடுகளுக்கு வான்கார்டின் எஃப்டிஎஸ்இ ஃபண்ட். அதன் கணக்கில் கொரியா வளர்ந்த நாடு, ஆகவே அதிலும் இல்லை. உலகின் பெரிய பங்குச் சந்தைகளில் ஒன்று, சம்சங்கும் எஸ்கே ஹைனிக்ஸும் ஹியூண்டாயும் சேர்த்து, 2013-ல் ஃபண்ட் குறியீடு மாறி முடிந்த பிறகு இத்தனை ஆண்டும் அவரிடம் ஒரு காசுக்குக்கூட இருந்ததில்லை. போலந்தும் இப்போது அப்படியே, சிறியது என்பதால் விட்டுவிடலாம்.

இரண்டையும் ஒரே வீட்டிலிருந்து எடுத்தால் சிக்கல் இல்லை. வான்கார்டின் வளர்ந்த நாடுகள் ஃபண்டில் கொரியா இருக்கிறது, அதோடு அதன் எமர்ஜிங் ஃபண்டை வைத்தால் கொரியா விடுபடாது. ஐஷேர்ஸ் கோர் இரண்டும் சேர்ந்தாலும் அப்படியே. கலந்து வைத்தால் ஒரு பக்கம் கொரியா இரண்டு முறை வரும், மறுபக்கம் வரவே வராது. வெளிநாடு முழுவதற்கும் ஒரே ஃபண்ட் வைத்திருப்பவர்கள் இந்தக் கவலையே பட வேண்டாம்.

அவருடைய 401கேயில் வேறு தேர்வு இல்லை, ஈஃபே மட்டும்தான். ஆகவே எம்எஸ்சிஐ வழிக்கு மாற்ற வேண்டியது எமர்ஜிங் ஃபண்டை. அது ஐஆர்ஏ கணக்கில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார், அங்கே விற்று வாங்கினால் வரி கிடையாது. தம்பி, ஒரே நாளில் விற்று ஒரே நாளில் வாங்குங்கள். சந்தை திறந்த முதல் அரைமணி நேரத்தில் செய்யாதீர்கள். அந்த வேளையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கக்கூடும். விலை வரம்பு குறித்த ஆர்டராகப் போடுங்கள்.